ஹான்சன் பெடியளின் 'ம்ம்ம்பாப்': திரும்பக் கேட்டபோது

போன கிழமை நல்லூரடியில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் இருக்கும்போது இந்தப் பாட்டைப் போட்டார்கள். "என்ன மாமா உது, சொல்லே இல்லாமல் வாய்க்கு வந்ததைக் கத்துறாங்கள்" என்றான் மருமகன். 1997இல் நானும் அதையேதான் சொன்னேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் முடிந்து கனநாள் ஆகவில்லை, இடம்பெயர்ந்து திரும்பிவந்து வீட்டைத் துப்பரவாக்கிக்கொண்டிருந்த நேரம், கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பிய கசற்றில் இது இருந்தது. பாடுவது பெடியனா பெட்டையா என்று வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

பெடியன்தான். பெயர் டெய்லர், அப்போது வயது 14. கிற்றார் அண்ணன் ஐசக்குக்கு 16, டிரம்ஸ் அடித்த, மூவரிலும் இளையவன் சாக்குக்கு 11. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா ஊர்ச் சகோதரர்கள். பாட்டையும் அவர்களேதான் எழுதினார்கள். அந்த வயதில் அமெரிக்காவில் 3 வாரம் முதலிடம், பிரித்தானியாவிலும் முதலிடம், கிராமி விருதுக்கு 3 பரிந்துரை. நாங்கள் அந்த வயதில் ரியூசனுக்குக் கள்ளமடித்துத் திரிந்தோம், சரி விடுங்கள்.

பல்லவியை விட்டுவிட்டுச் சரணத்தைக் கேளுங்கள். வாழ்க்கையில் எத்தனையோ பேர் வருவார்கள், கடைசிவரை நிற்பது ஒன்றிரண்டு பேர்தான், வயதாகித் தலைமயிர் கொட்டும்போது உன்னைப் பற்றி யோசிக்க யார் இருப்பார்கள் என்று கேட்கிறது. இதைத் துள்ளிக்கொண்டு பாடுகிறார்கள் என்பதுதான் விசயமே. என்னோடு ஏஎல் படித்தவர்களில் இன்று ஊரில் இருப்பது நானும் இன்னொருவனும்தான், மிச்சப் பேர் லண்டன், ரொறன்ரோ, பாரிஸ். சிலர் இல்லவே இல்லை. 97இல் இந்த வரிகள் காதில் விழுந்தும் மண்டைக்குள் போகவில்லை.

குறையும் உண்டு. டஸ்ட் பிரதர்ஸ் என்ற இசைத் தயாரிப்பாளர்களின் தயாரிப்பில் இசைத்தட்டைக் கீறுகிற சத்தம் ஒன்று வரும், அன்றைக்குப் புதுசு, இன்றைக்குப் பழைய சுவர்க் கலண்டர் மாதிரி இருக்கிறது. முடிவில் பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடுவதில் ஒரு அரை நிமிடத்தை வெட்டியிருக்கலாம். ஆனால் மூன்று குரலும் சேருகிற இடத்தில் குறை சொல்ல வாய் வராது, ஒரே வீட்டுத் தொண்டைகள் சேர்ந்தால் அது வேறு. எது எவருடைய குரல் என்று பிரிக்கவே முடியாது.

1996இல் அவர்கள் சொந்தமாக வெளியிட்ட மெதுவான பதிப்பு ஒன்று இருக்கிறது, தேடிக் கேளுங்கள். பளபளப்பில்லை, சரணத்தின் சோகம் அதில் நேரடியாக வரும். பிறகு இவர்கள் பாட்டின் பெயரைத் திரித்து 'ம்ம்ஹாப்ஸ்' என்று ஒரு பியரே விற்றார்கள், அது தனிக்கதை.

ஐந்துக்கு நாலு தருவேன். 96 பதிப்புக்கு நாலரை.

அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கிற கூட்டாளிக்கு அந்தப் பதிப்பை வாட்ஸப்பில் அனுப்பினேன். விடியப் பார்த்தால் ஒரு வரிதான்: "உனக்கு எவ்வளவு கொட்டுண்டிட்டுது மச்சான்?"