எளிமையான பணிப்பட்டியல் செயலி: சில ஆண்டுப் பழக்கமும் தீராத ஒரு மனத்தாங்கலும்

நெருக்கடி இல்லாத, திரையை அடைத்துக்கொள்ளாத பணிப்பட்டியல் செயலி ஒன்றைப் பரிந்துரைக்குமாறு உடன் பணிபுரியும் தோழி ஒருவர் கேட்டார். நான் சில ஆண்டுகளாக ஒரே செயலியைப் பயன்படுத்தி வருவதால் பதில் எளிதாக இருக்கும் என்றுதான் அவர் எண்ணியிருப்பார். எனக்கோ எழுதித்தான் விளக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. பட்டியல், கெடு தேதி, நினைவூட்டல் ஆகியவை எல்லாச் செயலிகளிலும் உள்ளவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். செயலியின் பெயரையும் தவிர்க்கிறேன், ஏனெனில் நான் சொல்லவிருக்கும் குறை எளிமையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேறு சில செயலிகளிலும் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதைத் திறந்தவுடன் தட்டச்சு செய்ய ஆயத்தமாக ஒரு வெற்று வரி காத்திருக்கும். தொலைபேசியில் ஒருவர் "வெள்ளிக்கிழமைக்குள் காப்பீட்டுப் படிவத்தை அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் அது பட்டியலில் ஏறியிருக்கும். இதற்கு முன் நான் வைத்திருந்த செயலி, எந்தத் திட்டம், என்ன முன்னுரிமை, எந்த வண்ணச் சிட்டை என்று விசாரித்து முடித்த பிறகே ஒரு வரியைச் சேமிக்கும்; அதற்குள் சொல்ல வந்ததே மறந்துவிடும். இங்கே அந்த விசாரணை இல்லை. வேலையை முடித்தால் புள்ளி வழங்குவதும், காகிதப்பூ தூவிப் பாராட்டுவதும், வாரக் கடைசியில் வரைபடம் காட்டிக் குத்திக்காட்டுவதும் இல்லை. முடித்த வேலை சத்தமில்லாமல் பட்டியலை விட்டு மறைகிறது, அவ்வளவுதான்.

இனி மனத்தாங்கல். திரும்பத் திரும்ப வரும் வேலைகள் இரண்டு வகைப்படும். வாடகை செலுத்துவது முதல் வகை: இம்மாதம் ஐந்து நாள் தாமதமானாலும் அடுத்த மாதக் கெடு நகராது. குடிநீர் வடிகட்டியைச் சுத்தம் செய்வது இரண்டாம் வகை: அங்கே நாட்காட்டிக்கு வேலையே இல்லை, கடைசியாக எப்போது செய்தோம் என்பதிலிருந்துதான் கணக்கு தொடங்க வேண்டும். என் செயலிக்கு முதல் வகை மட்டுமே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று பதிந்த வேலை ஜனவரி 1 அன்று நினைவூட்டப்பட்டு, நான் அதைப் பிப்ரவரி 20 அன்று முடித்தால், அடுத்த நினைவூட்டல் மே 20 அன்று வர வேண்டும். ஆனால் ஏப்ரல் 1 அன்றே வந்து நிற்கிறது. சுத்தம் செய்து ஆறு வாரம்கூட ஆகாத வடிகட்டியை மறுபடியும் கழற்றச் சொல்லும் பட்டியலை எத்தனை நாள் மதிக்க முடியும்? பொய்யான கெடு ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால், மெய்யான கெடுக்களையும் கண் தாண்டிப் போகத் தொடங்குகிறது.

முடித்த நாளிலிருந்து எண்ணும் வசதியைச் சேர்த்தால் திரை நெரிசலாகிவிடும் என்பதுதான் தயாரிப்பாளர்களின் வாதம். நான் எழுதிக் கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. டுடூயிஸ்ட் செயலியில், தேதியைத் தட்டச்சு செய்யும்போது 'எவ்ரி' (every, அதாவது 'ஒவ்வொரு') என்பதற்குப் பின் ஒரு ஆச்சரியக்குறி இட்டால் போதும், அடுத்த தேதி வேலையை முடித்த நாளிலிருந்து கணக்கிடப்படும். புதிய பொத்தானோ கூடுதல் பக்கமோ அதற்குத் தேவைப்படவில்லை. இங்கேயோ பல் துலக்கும் தூரிகையை மாற்றுவது, செடிக்கு உரமிடுவது, கணினிக் கோப்புகளைக் காப்பு எடுப்பது என இவ்வகை வேலை ஒவ்வொன்றையும் முடித்தவுடன் அடுத்த தேதியை நானே கணக்கிட்டுக் கையால் பதிந்துகொண்டிருக்கிறேன். செயலி எளிமையாக இருப்பதற்கான உழைப்பு என் தலையில் விழுகிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பட்டியல் முழுவதையும் சாதாரண உரைக் கோப்பாக எடுத்துக்கொள்ள இது அனுமதிக்கிறது, எனக்குத் தெரிந்து இதுவரை ஒரு வரிகூடத் தொலைந்ததில்லை. இது சிறிய விஷயமல்ல. எளிமைக்காகவே பலரும் விரும்பிய வுண்டர்லிஸ்ட் என்ற பணிப்பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கியது, 2020 மே மாதம் மூடியது. பயனர்கள் தங்கள் பட்டியல்களை மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் தேட வேண்டியதாயிற்று. சாதாரண உரைக் கோப்பில் வேலைக்கு ஒரு வரி, முடிந்தால் வரியின் தொடக்கத்தில் சிறிய எக்ஸ் எழுத்து என்று இயங்கும் 'டுடு.டிஎக்ஸ்டி' முறையை இன்றும் சிலர் விடாமல் வைத்திருப்பதற்கு, எந்த நிறுவனமும் அதை மூடிவிட முடியாது என்பதும் ஒரு காரணம்.

இத்தனை பாராட்டிய பிறகும் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருகிறேன். சற்று முன்புதான் வடிகட்டிக்கான தேதியைக் கையால் பதிந்துவிட்டு வந்திருக்கிறேன் என்பதைப் படிப்பவர்கள் கழித்துக்கொள்ளலாம். சந்தாவையும் இம்மாதம் புதுப்பித்துவிட்டேன். அந்த வெற்று வரியை விட்டுப் போக மனம் வரவில்லை. தோழிக்கு என் பரிந்துரை இதுதான்: எந்தச் செயலியானாலும் பணம் கட்டுவதற்கு முன், போன வாரமே கெடு கடந்துவிட்ட ஒரு மாதாந்திர வேலையை அதில் பதிந்து, இன்று முடித்ததாகக் குறித்து, அடுத்த தேதி எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். முடித்த நாளிலிருந்து எண்ணும் வழி எங்கும் தென்படாவிட்டால், உங்கள் பட்டியலில் வாடகை போன்ற வேலைகள் அதிகமா, வடிகட்டி போன்றவை அதிகமா என்று பார்த்து முடிவெடுங்கள்.