180 கிலோ குறைத்ததாக ரசீது, உண்மையில் போனது 40தான்: பழைய காரை ரேஸ் ட்ராக்குக்குத் தயார் செய்பவர்கள் கவனிக்கவும்

சென்னைக்கு மேற்கே இருக்கும் ஒரு கராஜ். வழக்கு முடியும்வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் போடவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த விதம்தான் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது. இதே வித்தையை வேறு ஊரில் வேறு ஆளும் காட்டலாம்.

என்னுடையது 2001 மாடல் மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர், 85 குதிரைசக்தி, எடை 900 கிலோவுக்கும் கீழே. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில், டூரிங் கார் (சாலைக் கார்களையே மாற்றி ஓட்டும்) பந்தயங்களில் எஸ்டீம்கள் வரிசையாக ஓடிய காலம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கார்மேல் ஏன் ஆசை என்று விளக்க வேண்டியதில்லை. எஞ்சினில் கை வைப்பதைவிட எடையைக் குறைப்பது நல்லது என்பது என் கட்சி. கூடுதல் குதிரைசக்தி பெரும்பாலும் நேர்ப்பாதையில்தான் உதவும். எடை குறைந்தால் பிரேக், வளைவு, டயர் என்று எல்லாவற்றுக்கும் சுமை குறையும்.

கராஜ்காரர் சொன்ன கணக்கு இது: 150 கிலோ குறைப்பு உறுதி, ஆறு புள்ளி கூண்டு (கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்க, ஆறு இடத்தில் காரோடு பிணைக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்), பாலிகார்பனேட் ஜன்னல்கள், ஃபைபர் பானெட், மொத்தம் 85,000 ரூபாய். "முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு ஸ்லிப் தர்றேன் சார், நீங்க நம்பவே வேணாம், காகிதம் பேசும்" என்றார். காகிதம் பேசத்தான் செய்தது, அவர் நினைத்த மாதிரி இல்லை.

வேலை தொடங்கும் முன் எடுத்த ரசீதில் 990 கிலோ. முடிந்தபின் 810. இரண்டும் வாட்ஸப்பில் வந்தன. சொன்னதைவிட 30 கிலோ அதிகம் என்று கூடுதலாக 10,000 கேட்டு வாங்கியும் கொண்டார்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரிகளுக்கான எடை மேடைகள் நிறைய. இப்போது பல மேடைகளில் கேமரா வைத்து, வண்டியின் படத்தையும் ரசீதிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். முதல் ரசீதின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். டிரைவர் சீட்டில் ஒரு தலை. காரின் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. டிக்கியில் கராஜின் ட்ராலி ஜாக்கும் ஒரு மூட்டை ஸ்பானர்களும் இருந்ததைப் பிறகு அங்கே வேலை பார்த்த பையனே சொன்னான். டேங்க் நிறைய பெட்ரோல். இரண்டாவது ரசீது எடுத்த அன்று அவர்களே பெருமையாக அனுப்பிய டாஷ்போர்டு படத்தில் பெட்ரோல் முள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இப்போது கழித்துப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்திருந்த ஆள் 70 கிலோ. ஜாக்கும் சாமானும் 40. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவை ஒட்டி வரும், 40 லிட்டருக்கு 30. ஆக 140 கிலோ காரிலிருந்து குறைந்ததே இல்லை. நானே டேங்கை நிரப்பி, ஆள் இல்லாமல் எடை போட்டபோது 840 வந்தது. அதே நிலையில் பழைய எடை 880. மிச்சம் 40. அந்த நாற்பதிலும் பின் சீட்டும் ஸ்டெப்னியும் ஜாக்கியும் சேர்ந்து 30 கிலோ இருக்கும். அவற்றைக் கழற்ற வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

இதோடு விட்டிருந்தால் பணம் போனது என்று இருந்திருப்பேன். ட்ராக் நாளன்று காரைப் பரிசோதித்த அதிகாரி பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினார். அவர் காட்டிய பிறகுதான் எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள் என்று தெரிந்தது.

முதலில் கூண்டு. சர்வதேச விதிப்படி சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்கு, தையல் இல்லாமல் சூடேற்றாமல் இழுத்துச் செய்த எஃகுக் குழாய் வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும், அல்லது 50க்கு 2. ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனில், 120 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தகடு வைக்க வேண்டும். என் காரில் இருந்தது வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் குழாய். ஓரத்தில் விரலை விட்டுத் தடவினால் உள்ளே நீளவாக்கில் பற்றவைத்த தையல் தெரிகிறது. தகட்டுக்குப் பதில் பெரிய வாஷர். கார் உருண்டால் குழாய் தரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கும். "இது உங்கள காப்பாத்தாது சார், குத்தும்" என்றார் அந்த அதிகாரி. போதாததற்கு, தலைக்குப் பக்கத்தில் போகும் குழாயில் பஞ்சு உறைகூட இல்லை. இந்த லட்சணத்தில் கூண்டு மட்டும் 25 கிலோ எடை ஏற்றியிருக்கிறது.

ஜன்னல்களில் பாலிகார்பனேட் என்று பில்லில் எழுதியிருக்கிறது. மாட்டியது கடைப் பெயர்ப்பலகைக்குப் போடும் அக்ரிலிக். ஸ்க்ரூ போட்ட ஓட்டைகளைச் சுற்றி அதற்குள் விரிசல் விட்டிருந்தது. பாலிகார்பனேட் வளையும், நசுங்கும். அக்ரிலிக் உடைந்தால் கத்திபோல் துண்டு துண்டாக வரும்.

பின் கதவுகளின் உள்தகட்டை கிரைண்டர் வைத்து அறுத்து எடுத்திருக்கிறார்கள். கதவை விறைப்பாக வைத்திருப்பதே அந்த உள்தகடுதான். முன் பம்பருக்குப் பின்னால் இருந்த இரும்புச் சட்டமும் போய்விட்டது, கூடவே காரை இழுக்கும் கொக்கியும். கொக்கி இல்லாத காரைப் பந்தயத்துக்கு விடமாட்டார்கள். ட்ராக் ஓரத்து மணலில் மாட்டினால் எதில் கயிறு கட்டுவது?

எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குவது பிரேக் டிஸ்க். ட்ரில் மிஷினில் ஓட்டை போட்டு "லைட்வெயிட்" என்று கணக்கில் சேர்த்திருந்தார்கள். எடுத்த இரும்பு ஒரு கைப்பிடிகூட இருக்காது. சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க்கில் இப்படி ஓட்டை போட்டால், ட்ராக் சூட்டில் ஓட்டைக்கு ஓட்டை கீறல் ஓடும். என் இடது டிஸ்க்கில் ஓடியே இருந்தது. இருங்காட்டுக்கோட்டையின் நீண்ட நேர்ப்பாதை முடிவில் அழுத்தும் பிரேக் அது.

சத்தத்தை அடக்கக் காரின் தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை எடுப்பதும் ஒரு வேலை. ஹீட் கன்னால் மெல்ல இளக்கிச் சுரண்ட வேண்டும், நாள் பிடிக்கும். இவர்கள் கேஸ் டார்ச்சை வைத்து வாட்டியிருக்கிறார்கள். பெயின்ட் கருகி, சீட்டுக்கு அடியில் போகும் ஒயரின் உறை உருகி, மேலே பிரைமர்கூட அடிக்காமல் விட்டதில் ஐப்பசி மழைக்கு முழுத் தரையும் துரு.

அப்புறம் ஒரு விஷயம், இது ஏமாற்று இல்லை, அறியாமை. எஸ்டீம் முன்சக்கர இழுவைக் கார், எஞ்சின் முழுக்க முன்னால். பின் சீட்டு, ஸ்டெப்னி, டிக்கி விரிப்பு என்று பின்னாலிருந்தே குறைத்துக்கொண்டு போனால், மிஞ்சிய எடையில் முன்பக்கத்தின் பங்கு கூடுகிறது. பிரேக் அடித்தால் ஏற்கெனவே லேசான பின்சக்கரங்கள் சீக்கிரம் லாக் ஆகும், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டால் வால் சுற்றும். விவரம் தெரிந்தவர் முன்னாலிருந்து ஏசி கம்ப்ரசர், கண்டன்சரை எடுப்பார், பேட்டரியைச் சின்னதாக்குவார் அல்லது டிக்கிக்கு மாற்றுவார். இவர்கள் ஏசியைத் தொடவே இல்லை. கேட்டதற்கு "சென்னை வெயிலுக்கு உங்களுக்கு வேணும்ல தலைவா" என்று சிரித்தார் கராஜ்காரர்.

கழற்றிய பொருள் எதுவும் திரும்பி வரவில்லை. எஸ்டீம் உற்பத்தி 2007இல் நின்றுவிட்டது. நல்ல நிலையில் உள்ள அசல் பானெட், கதவுக் கண்ணாடி, பின் சீட்டுக்கு இன்று ஆள் தேடி வந்து காசு கொடுப்பார்கள். "பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்பது பதில். நம்பும்படி இல்லை.

சாலைக்கும் இந்தக் கார் ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்ற விடாது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஆர்சி புதுப்பிக்க இந்த நிலையில் ஆர்டிஓ அலுவலகத்துக்கு எடுத்துப்போக முடியாது. இதைப் பற்றிக் கராஜில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எல்லாம் போல்ட் சார், ரெண்டு மணி நேரத்துல பழையபடி மாட்டிடலாம்" என்றுதான் சொன்னார்கள். அறுத்த கதவை எந்த போல்ட் ஒட்டும்?

யாராவது இந்த வேலைக்குப் போவதாக இருந்தால், எடை போடும்போது நீங்களே கூட இருங்கள். இரண்டு தடவையும் ஒரே மேடை, ஒரே அளவு பெட்ரோல், உள்ளே யாரும் இல்லாமல், டிக்கி திறந்த படத்தோடு. லாரி மேடையில் முள் 5 அல்லது 10 கிலோ படியாகத்தான் நகரும், அதனால் பத்து இருபது கிலோ வித்தியாசத்தை அதில் நம்பாதீர்கள். நாலு சக்கரத்துக்கும் தனித்தனியே எடை காட்டும் தட்டுகள் வைத்திருக்கும் ரேஸ் டீம்கள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருக்கின்றன. எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து எழுதச் சொல்லுங்கள், பொருளையும் திரும்பக் கேளுங்கள். கூண்டுக் குழாய்க்கு மில் சான்றிதழ் (குழாய் செய்த ஆலை தரும் தரச் சான்று) இல்லை என்றால் கூண்டே வேண்டாம். உருண்டால் அப்படிப்பட்ட கூண்டு இல்லாமலிருப்பதே மேல்.

என் விஷயம் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்தால் போதும். இரண்டு ரசீதுகளும், பெட்ரோல் முள் தெரியும் அந்தப் படமும், அதிகாரி எழுதிக் கொடுத்த நிராகரிப்புத் தாளும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். கராஜ் தரப்பு இதுவரை வரவில்லை. கூண்டை அறுத்து வெளியே எடுத்தாயிற்று, புது டிஸ்க் போட்டாயிற்று. எஸ்டீமின் பின் கதவு இரண்டும் ஒரு பானெட்டும் தேடிக்கொண்டிருக்கிறேன். துரு இல்லாமல் யாரிடமாவது இருந்தால் விலையோடு சொல்லுங்கள், நிறம் எதுவானாலும் பரவாயில்லை.