ஸ்டோரிவீவர்: ஒரே கதை, இரண்டு மொழி

திருவள்ளூர்ப் பக்கம் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு உள்ளூர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒடிசாவிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். இரு தரப்புக்கும் பொதுவான கதைப்புத்தகம் வேண்டுமென்றால் எந்தக் கடையில் போய்க் கேட்பது? எனக்குக் கைகொடுத்தது ஸ்டோரிவீவர். பெங்களூருவைச் சேர்ந்த, லாப நோக்கமற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இணையதளம் இது. வாசிக்கக் கட்டணம் கிடையாது.

இதில் தமிழும் உண்டு, ஒடியாவும் உண்டு. பல கதைகள் இரண்டிலும் கிடைக்கின்றன, படங்கள் மாறுவதில்லை. இரண்டையும் அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் எதிரெதிரே வைத்துத் தைத்தேன். தமிழ்ப் பாடம் என்றாலே தலையைக் குனிந்துகொள்ளும் ஒடியாச் சிறுமி ஒருத்தி, தன் மொழிப் பக்கத்தைக் கணீரென்று வாசித்தாள். உள்ளூர்ப் பயல்கள் படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரியைத் தமிழில் முந்திச் சொன்னார்கள். பயிற்சி நோட்டு வைத்து இதைச் சாதித்திருக்க முடியாது.

கதைகளை வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருப்பது ஆசிரியருக்குப் பெரிய உபகாரம். முதல் நிலைக் கதை 250 சொற்களுக்குள் முடிந்துவிடும். சொற்கள் திரும்பத் திரும்ப வரும். வயதை வைத்து நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு எழுத்துக்கூட்டுகிறவனுக்கும் முதல் நிலைதான் சரி.

"இதை நகலெடுத்தால் கேஸ் ஆகாதா மேடம்?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் தயங்கினார். நியாயமான பயம்தான். கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்: எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். என் கணக்கில் இந்தத் தளத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. ஒரு போனைச் சுற்றிப் பத்துத் தலைகள் முட்டிக்கொள்ளும் வகுப்பில், அச்சடிக்க முடியாத கதையால் என்ன பயன்?

யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் தமிழ்நடை எல்லாக் கதையிலும் ஒன்றுபோல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அரிசியில் கல் பார்ப்பதுபோல, வகுப்புக்கு முன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிடுங்கள். நாக்கு இடறும் வாக்கியத்தை மாற்றிக்கொள்ள உரிமமே இடம் தருகிறது.

கலர் பிரிண்ட் கட்டுப்படியாகாது. கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் இரவு, காடு என்று அடர்நிறப் படங்கள் உள்ள கதைகளை விட்டுவிடுங்கள். யானையும் மரமும் ஒரே மைத்திட்டாகிவிடும். வெள்ளைப் பின்னணியில் கோட்டோவியம் உள்ளவை நன்றாக வருகின்றன. தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், எழுதியவர், வரைந்தவர் விவரமும் உரிமக் குறிப்பும் அதில்தான் இருக்கின்றன.