பனியாறு மாடல் கிட்: படிய வைப்பதில் பாஸ், மடிப்பதில் சொதப்பல்

ஒன்பதாவது படிக்கும் மகளுக்காகப் புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய சந்தில் ஒரு கடையில் வாங்கியது, 1,450 ரூபாய். அக்ரிலிக் தொட்டி, மூன்று நிற மணல், களிமண் பொடி, சரளையோடு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைக்க ஒரு அச்சு, கூடவே பனியாறாக (நிலத்தின் மேல் மெதுவாக நகரும் பெரிய பனித்திரள்) நினைத்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டை. தொட்டி நல்ல கனம், ஒட்டுகளில் சொட்டுகூடக் கசியவில்லை.

படிவுப் பகுதி அருமை. மணலும் களிமண்ணும் கலந்த தண்ணீரை ஊற்றி அசைக்காமல் விட்டால் மணல் உடனே இறங்கிவிடுகிறது, களிமண் மட்டும் மறுநாள் வரை கலங்கலாகவே நின்று கடைசியில் பாலாடை மாதிரி மேலே படிகிறது. பனியாற்று ஏரிகளிலும் இதுதான் நடக்கும்: கோடையில் உருகிவரும் நீர் வண்டலையும் நுண்மணலையும் கொண்டுவரும், குளிர்காலத்தில் ஏரி மேலே உறைந்து தண்ணீர் ஆடாமல் நிற்கும்போது களிமண் இறங்கும். வெளிறிய அடுக்கு ஒன்று, கறுத்தது ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம். ஸ்வீடனின் நிலவியலாளர் யெரார்டு டெ யேர் இந்த ஜோடிகளை எண்ணித்தான் அங்கே பனி பின்வாங்கிய காலத்தைக் கணக்குப் போட்டார்.

இன்னும் நல்லது அந்தச் சரளை ஐஸ். மிதக்க விட்டால், உருக உருகக் கல் பொத்தென்று விழுந்து கீழ் அடுக்கை அமுக்கி வளைக்கிறது, அடுத்து ஊற்றும் கலங்கல் அந்தக் கல்லைப் போர்த்திக்கொண்டு படிகிறது. (சரளை அதிகமானால் ஐஸே முங்கிவிடும், கொஞ்சமாகப் போடுங்கள்.) ஒடிசாவின் தால்சேர் பாறைப் படிவுகளில் இப்படி மிதந்த பனியிலிருந்து விழுந்த கற்கள் உண்டு, வயது சுமார் 30 கோடி வருஷம். திருவக்கரையில் கல்மரம் கிடக்கும் மணற்பாறையும் பனி போட்டதுதான் என்று கடைத் தம்பி அடித்துச் சொன்னார். இல்லை தம்பி, அது ஆறு கொண்டுவந்து போட்டது.

அப்புறம் உருக்குலைவு, அதாவது பனி தள்ளி அடுக்குகள் மடிவது. தண்ணீரை நன்றாக வடித்துவிட்டுக் கட்டையைத் தள்ளச் சொல்கிறது கையேடு. தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது, அடுக்கு அப்படியே இருக்கிறது. பின்னே? பனியின் எடை மேலே அழுத்த, களிமண்ணுக்குள் சிக்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, மண் துகள்களுக்கிடையே பிடிப்பு விட்டுப்போவதால்தானே அடியிலிருக்கும் மண் இழுபட்டு, பனி போகும் திசையிலேயே சாய்ந்து மடிகிறது! வடித்துவிட்டால் வேலையே கெட்டது. டென்மார்க்கின் மோன்ஸ் கிளிண்ட்டில் பனி தள்ளிச் சாய்த்த சுண்ணாம்புப் பாளங்களின் படம் மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், விளக்கம் ஒரு வரிகூட இல்லை.

வில்லியனூரில் குயவர் ஒருவரிடம் பிசைந்த களிமண் வாங்கி, ஈரமாகவே மணலோடு மாற்றி மாற்றி அடுக்கி, கட்டையின் அடியில் உப்புத்தாளை ஒட்டி, மேலே ஒரு செங்கல்லை வைத்து மெதுவாகத் தள்ளினோம். கண்ணாடிபோலத் தெரியும் பக்கச் சுவரில் மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தது, மகள் விடாமல் வீடியோ எடுத்தாள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். ஐஸ் அச்சு சின்ன ஃப்ரிட்ஜில் நுழையாது, அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.