ஸ்பிரிங் எம்விசி: எல்லாம் சரி, இந்தக் கேள்விக்குறியைத் தவிர

தேவகோட்டை நண்பன் ஒருவன் கடைக்கு ஆர்டர் எடுக்கும் தளம் செய்யணுமாம், "ஸ்பிரிங் எம்விசியிலேயே போயிடலாமா மாப்ள?" என்று கேட்டான். ஜாவாவில் வெப்சைட் செய்ய உதவும் கட்டமைப்பு அது. காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு அதே வேலையை அதில்தான் பல வருஷமாக ஓட்டுகிறேன்; பூட் (அமைப்புகளைத் தயாராக வைத்தே தரும் ஸ்பிரிங் வகை) இல்லாத பழைய எம்விசி, டாம்கேட் என்ற சர்வர் மேல். தீபாவளி நெருக்கடியிலும் படுத்ததில்லை. அந்த விஷயத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் தமிழ்?

ஆர்டர் பட்டியல் ஜேசனாக (புரோகிராம்கள் தகவல் பரிமாறும் வடிவம்) போகும்போது தேன்குழல் தேன்குழலாகவே போகிறது. அதே பெயரை ரசீதுக்காக வெறும் ஸ்ட்ரிங்காக, அதாவது சாதா எழுத்து வரியாகத் திருப்பினால் வரிசையாக 9 கேள்விக்குறி. எழுத்து 5தானே என்றால், கொம்பும் சுழியும் புள்ளியும் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் முறை) தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி விழுகிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஸ்ட்ரிங்கை பைட்டாக மாற்றி எழுதும் கன்வெர்ட்டர் ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்ளும், அதில் தமிழுக்கு இடமே கிடையாது. எல்லாப் பதிலுக்கும் ஒரே எழுத்துமுறையைச் சொல்லும் என்கோடிங் ஃபில்டர் போடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். போட்டாலும் கன்வெர்ட்டர் அதை மதிக்காது, தன் பாட்டுக்கு பைட்டாக மாற்றி பதிலோடு போகும் குறிப்பான ஹெடரிலும் தன் இஷ்டத்துக்கு எழுதிவிடும். பதில் அனுப்பும் மெத்தட் மேல், என்ன வகைப் பதில் என்று சொல்லும் புரொட்யூசஸில், சார்செட் (எழுத்துமுறை) தமிழும் அடங்கும் யூடிஎஃப்-8 என்று எழுதணும், இல்லையென்றால் கான்ஃபிக்கில் கன்வெர்ட்டரையே ஒரேயடியாக மாற்றிவிடணும். இரண்டாவதுதான் நிம்மதி, முதலாவதில் புதுசாக ஒரு மெத்தட் சேர்க்கும்போது எவனாவது மறந்துவிடுவான்.

ஒன்று கவனியுங்கள். கேள்விக்குறி வந்தால் எழுத்து சர்வரிலேயே போய்விட்டது, பிரவுசரில் என்ன திருகினாலும் திரும்பாது. வட்டத்துக்குள் ஆர் போட்ட குறி திரும்பத் திரும்ப வந்தால் பைட் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது, மேலே ஒட்டிய சீட்டுதான், அதாவது ஹெடரில் சொன்ன சார்செட்தான் தப்பு. ஸ்பிரிங் வழியாகப் போகாமல் ஜாவாவின் சர்வ்லெட்டில் நேராக எழுதுகிறவர்கள், பதிலை எழுதும் கருவியைத் தரும் கெட்ரைட்டரைக் கூப்பிடுமுன்பே கன்டென்ட் டைப்பைச் சொல்லிவிடுங்கள், அப்புறம் சொன்னால் சார்செட்டைக் காதில் வாங்காது, எரரும் காட்டாது. இந்த ஊமைத்தனம்தான் எனக்குக் கோபம். கத்தித் தொலைத்தால் என்ன!

நியாயமாகச் சொன்னால், பூட் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, அது கன்வெர்ட்டரை யூடிஎஃப்-8-இல் வைத்தே தருகிறது. தேவகோட்டை நண்பனிடமும் அதைத்தான் சொன்னேன்.

பழைய எம்விசிக்கு 5-க்கு 2 மார்க், அதற்கு மேல் மனசு வரவில்லை. அடுத்து ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் வேலை வருகிறது, அதையும் இதிலேதான் செய்யப்போகிறேன்.