கேள்வி கேட்பதில் கெட்டிக்காரன்: கடற்பஞ்சு வல்லுநர் அமைப்புகளோடு சில ஆண்டுகள்

கடற்பஞ்சுகளை இனங்காணக் கணினி வல்லுநர் அமைப்புகளை, அதாவது ஒரு துறை வல்லுநரின் அறிவைக் கொண்டு கேள்வி கேட்டு முடிவு சொல்லும் மென்பொருள்களை, பழகுவது பயன் தருமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: தாராளமாகப் பழகுங்கள், ஆனால் அது கடைசியில் சொல்லும் பெயருக்காக அல்ல, வழியில் கேட்கும் கேள்விகளுக்காக. பல ஆண்டுகளாகப் பலவகை மென்பொருள்களோடு மல்லுக்கட்டிய பிறகும் இந்தக் கருத்து மாறவில்லை.

இதுவரை ஏற்கப்பட்ட கடற்பஞ்சுச் சிற்றினங்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். வெளித்தோற்றத்தை நம்பி இவற்றுக்குப் பெயர் வைக்க முடியாது. ஒரே சிற்றினம் அலை மோதும் பாறையில் படலமாகப் படர்ந்திருக்கும். அமைதியான நீரில் கிளைவிட்டு எழும். நிறம் இன்னும் மோசம். ஏப்லிசினா ஏரோபோபா என்ற கடற்பஞ்சு கடலுக்குள் பளிச்சென்ற மஞ்சள். வெளியே எடுத்துவைத்தால் கறுத்துப்போகும். அதனால் எந்த மென்பொருளையும் அதன் முதல் கேள்வியைக் கொண்டே எடைபோடுகிறேன். எடுத்த எடுப்பில் நிறத்தைக் கேட்டால் மூடிவிடுவேன். எலும்புச்சட்டகம் எதனால் ஆனது, சிலிக்காவா, கால்சியம் கார்பனேட்டா, ஸ்பாஞ்சின் என்ற புரத நார் மட்டும்தானா என்று தொடங்கினால் அதை எழுதியவருக்குக் கடற்பஞ்சு தெரியும் என்று பொருள்.

ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே பெயருக்குப் போகும் அச்சிட்ட இருகிளை அடையாளத் திறவுகோலில் ஒரு கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். இனங்களின் பண்புகளைக் குறித்துவைக்கும் டெல்டா வடிவத் தரவுகளை வைத்து இயங்கும் இன்ட்கீ போன்ற மென்பொருள்களில் அந்தத் தொல்லை இல்லை. கையில் இருக்கும் பண்பிலிருந்து தொடங்கலாம். மிச்சமிருக்கும் இனங்களை எந்தப் பண்பு நன்றாகப் பிரிக்கும் என்பதையும் அதுவே கணக்கிட்டுச் சொல்லும். 'இது இருந்தால் இதுவாக இருக்கலாம்' என்பது போன்ற விதிகளால் இயங்கும் அமைப்புகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. 1990களில் ஸ்பெயினின் பிளானஸ் ஆய்வு மையத்துக் கடற்பஞ்சு ஆய்வாளர்கள், மிலார்ட் என்ற வல்லுநர் அமைப்புக் கருவியைக் கொண்டு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் இனங்களுக்காக ஸ்பாஞ்சியா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதில் எனக்குப் பிடித்தது, உறுதியின் அளவை எண்களாக அல்லாமல் சொற்களாகக் கையாளும் முறை. நுண்ணோக்கியில் மங்கலாகத் தெரிந்த ஒன்றை "0.73" என்று எந்த ஆய்வாளரும் நினைப்பதில்லை, "அநேகமாக" என்றுதான் நினைக்கிறார்.

இந்த "அநேகமாக"தான் விஷயத்தின் மையம். சட்டகத்தில் இருக்கும் நுண்ணிய முள் போன்ற துண்டான நுண்முள் இல்லை என்பது ஒன்று. என் கண்ணில் படவில்லை என்பது வேறு. இந்த மாதிரிக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே பொத்தானில் அடக்கிய மென்பொருள்கள் உண்டு. அவற்றால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. திசுவைக் கரைத்துக் கழுவும்போது படியும்வரை பொறுக்காமல் நீரை வடித்தால், பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள நட்சத்திர வடிவ நுண்முட்கள் நீரோடு போய்விடும். பிறகு "இல்லை" என்று பதிவுசெய்தால் விதி தன் வேலையை ஒழுங்காகச் செய்து, ஒழுங்காகவே தவறான குடும்பத்துக்குக் கொண்டுபோகும். இன்னொரு சிக்கல் உயிரியிடமே இருக்கிறது. கிராம்பே கிராம்பே என்ற மத்தியதரைக் கடல் இனம், நீரில் சிலிக்கான் அதிகம் இருந்தால் மட்டுமே சில நுண்முள் வகைகளை உண்டாக்குகிறது என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே சுத்தமாகக் கழுவி, பொறுமையாகத் தேடியும் கிடைக்காத நுண்முள்ளை வைத்துக்கூட ஓர் இனத்தை விலக்கிவிட முடியாது. "உண்டு" என்பதற்கும் இதே எச்சரிக்கை வேண்டும். மணலையும் பக்கத்து இனத்தின் நுண்முட்களையும் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும் கடற்பஞ்சுகள் இருக்கின்றன. நல்ல அமைப்பு, அந்த முள் சட்டகத்தில் ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா, சிதறிக் கிடக்கிறதா என்று திருப்பிக் கேட்கும். காண்ட்ரோசியா ரெனிஃபார்மிஸ் என்ற கடற்பஞ்சுக்கு நுண்முட்களே கிடையாது. அதைச் சொன்ன பிறகும் முள்ளின் நீளம் என்ன என்று கேட்கும் மென்பொருளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆய்வக வேலையை இவை குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நைட்ரிக் அமிலம் ஊற்றினால் சுண்ண முட்கள் கரைந்துபோகும், அதனால் முதலில் பிளீச்சில் ஒரு துண்டைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கையை எல்லா மென்பொருளும் சொல்வதில்லை. மேற்பரப்புக்குச் செங்குத்தாக வெட்டுத்துண்டு எடுப்பதும், முட்களை ஒவ்வொன்றாக அளப்பதும் நம் தலையில்தான். ஒரு முனையில் குண்டூசித் தலை போன்ற உருண்டை உள்ள டைலோஸ்டைல்களைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த உருண்டை தெளிவில்லாதபோதுதான் நேரம் போகிறது.

பெரிய குறை, அறிவுத்தளம் மூப்படைவது. ஸ்பாஞ்சியா குழுவினர் இயந்திரக் கற்றலுக்காகப் பொதுவில் தந்த தரவுத்தொகுப்பில் 76 மாதிரிகள், 45 பண்புகள்; எல்லாம் ஹாட்ரோமெரிடா வரிசையை (குடும்பத்துக்கு மேலே, வகுப்புக்குக் கீழே உள்ள வகைப்பாட்டுப் படி) சேர்ந்தவை. 2015இல் மரபணு ஆய்வுகளின் துணையோடு டெமோஸ்பாஞ்சியே வகுப்பை 22 வரிசைகளாகத் திருத்தியமைத்தபோது ஹாட்ரோமெரிடா என்ற வரிசையே கைவிடப்பட்டது. அதன் உறுப்பினர்கள் சுபெரிடிடா, கிளையோனைடா, டெத்தைடா, பாலிமாஸ்டிடா முதலான வரிசைகளுக்குப் பிரிந்துபோயின. பழைய அமைப்பின் விதிகள் பேரின அளவில் பெரும்பாலும் இன்னும் செல்லும். மேலே உள்ள வரிசைப் பெயரை மட்டும் உலகக் கடற்பஞ்சுத் தரவுத்தளத்தில் சரிபார்த்துக்கொள்கிறேன்.

தன்னிடம் இல்லாத இனத்தைக் கொடுத்தால் பக்கத்து இனத்தின் பெயரை நீட்டும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு. அதனால் சிற்றினப் பெயரைத் திரையிலிருந்து நேராக அட்டவணைக்குக் கொண்டுபோவதில்லை. குடும்பத்தோடு நின்றுகொள்ளும் பதிலைத்தான் அதிகம் மதிக்கிறேன். புகைப்படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் புதிய செயலிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு உள்ளே இருக்கும் முட்கள் தெரியாது, ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் விளக்கமும் வராது. விதி அமைப்பிடம் "ஏன்" என்று கேட்கலாம். எந்தக் கேள்விக்கு என்ன விடை தந்தேன், எந்த விதி எங்கே இயங்கியது என்ற பதிவை அச்சிட்டு, வகைப்பாட்டியல் நிபுணருக்கு மாதிரியை அனுப்பும்போது ஸ்லைடோடு சேர்த்தே அனுப்புகிறேன். நிபுணர்கள் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்துப் படிக்கிறார்கள்.