கடைசிக்காலத் தீர்க்கதரிசனம்: 14 பாட இணைய வகுப்பை முடித்தபின்

இந்த வகுப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், சேருங்கள். ஆனால் முதல் வீடியோவைத் திறப்பதற்கு முன்னால் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 22 அதிகாரத்தையும் ஒரே அமர்வில், முடிந்தால் சத்தமாக வாசித்துவிடுங்கள். வகுப்பை நடத்துகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் வாசிக்காமல் போய், மூன்றாம் பாடத்தில் அந்தப் புத்தகத்தின் தரிசனங்களில் முத்திரைகள் எங்கே முடிந்தன, எக்காளங்கள் எங்கே தொடங்கின என்று பிடிபடாமல், நிறுத்திவிட்டு வாசித்துவிட்டுத் திரும்ப வந்தேன்.

நான் வளர்ந்த சபையில் ஒரே வரிசைதான். கிறிஸ்து சபையை எடுத்துக்கொள்ள வரும் இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பும் அந்திக்கிறிஸ்து, எல்லாரும் காணும் பகிரங்க வருகை, பூமியில் ஆயிர வருட அரசாட்சி, கடைசி நியாயத்தீர்ப்பின் வெள்ளைச் சிங்காசனம். வேதம் சொல்வதே இதுதான் என்று நினைத்திருந்தேன். வேறு மாதிரி சொல்கிறவர்கள் வேதத்தை அப்படியே நம்பாதவர்கள் என்றும் நினைத்திருந்தேன், அது தவறு என்று இப்போது தெரிகிறது, அதற்கு இந்த வகுப்புக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வகுப்பின் பெரிய பலம், வெளிப்படுத்தின விசேஷத்துக்கான ஒவ்வொரு விளக்கத்தையும் அதை மனதார நம்புகிற ஆசிரியரே நடத்துகிறார். எல்லாம் ஏற்கெனவே நடந்தாயிற்று, பெரும்பகுதி கி.பி. 70-இல் எருசலேம் அழிந்தபோதே நிறைவேறியது என்பவர் ஒருவர். சபை வரலாறு முழுக்க அது படிப்படியாக நிறைவேறுகிறது என்பவர் ஒருவர். நாலாம் அதிகாரத்திலிருந்து எல்லாமே இனிமேல்தான் என்பவர் ஒருவர். குறிப்பிட்ட சம்பவங்களைத் தேடாதே, எந்தக் காலத்துக்கும் பொருந்தும் போராட்டத்தின் படம் அது என்பவர் ஒருவர். பாட முடிவில் வரும் கேள்விகளும் நன்றாக யோசித்து வைத்தவை: "நீ என்ன நம்புகிறாய்" என்று கேட்பதில்லை, "இந்தக் கருத்துள்ளவர் முதலில் எந்த வசனத்தைக் காட்டுவார், ஏன்" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் எதிராளியின் பக்கத்தில் நின்றுதான் வசனத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆயிர வருடம் பற்றி நாலு பாடம். வெளிப்படுத்தல் 20-இல் ஆறு வசனங்களுக்குள் ஆறு தடவை வருகிற அந்த எண்ணிக்கை இத்தனை பிரிவுகளை உண்டாக்கியது ஏன் என்று நிதானமாகச் சொல்கிறார்கள். கிறிஸ்து வந்தபின் பூமியில் ஆயிர வருட ஆட்சி என்பதுதான் பாப்பியாஸ், ஐரேனியஸ் போன்ற ஆரம்பகாலச் சபைத் தலைவர்களின் நம்பிக்கை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டினும் அதையேதான் நம்பினார், ஆனால் பக்தியுள்ள நல்ல கிறிஸ்தவர்கள் பலர் அப்படி நினைப்பதில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அதைக் கேட்டதும் வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஐந்தாம் நூற்றாண்டு ஆயர் அகஸ்டின். முதலில் அந்த நம்பிக்கையில் இருந்தவர், பிறகு மாறி, ஆயிர வருடம் என்பது சபையின் காலம்தான் என்றார், மேற்கத்திய சபை பல நூற்றாண்டுகள் அவர் வழியில் போனது.

இந்தப் பகுதியில் என் மனதில் நிற்பது மூன்றாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவின் ஆயர் டயோனிசியஸ் கதை. எகிப்தில் அர்சினோவே பகுதியில் ஆயிர வருட ஆட்சியைப் பற்றி சபைகள் பிளவுபட்டபோது, கடிதத்தில் கண்டித்துவிட்டு விடாமல் அவரே அங்கே போனார், மூப்பர்களையும் போதகர்களையும் கூட்டி மூன்று நாள் காலையிலிருந்து மாலை வரை அவர்கள் நம்பிய புத்தகத்தை எடுத்து வைத்துப் பேசினார். கடைசியில் எதிர்த்தரப்பின் தலைவரே மனம் மாறினார். அவர்களுடைய பொறுமையையும் உண்மையைத் தேடிய விதத்தையும் டயோனிசியஸ் பாராட்டி எழுதியிருக்கிறார். இதை ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார், இதற்கே ஒரு தனிப் பாடம் வைக்கலாம்.

ஒன்பதாம் பாடம்தான் வகுப்பிலேயே சிறந்தது. 1 தெசலோனிக்கேயர் 4:17 மட்டும், ஒரு மணி நேரம். நாம் இத்தனை வருடம் "எடுத்துக்கொள்ளப்பட்டு" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டோம், அதற்கு முன்னால் "எதிர்கொண்டுபோக" என்று ஒரு சொல் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அது ஒரு பெரியவர் ஊருக்கு வரும்போது வெளியே போய்ச் சந்தித்து அவரோடேயே உள்ளே திரும்புவதற்கு வழங்கிய சொல். பத்து கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டுபோவதற்கும் அதே சொல், ரோமாபுரிக்கு வந்த பவுலைச் சகோதரர்கள் பாதி வழியில் வந்து சந்தித்ததற்கும் அதே சொல். அப்படியானால் ஆகாயத்தில் அவரைச் சந்திப்பவர்கள் அவரோடு பரலோகத்துக்குப் போகிறார்களா, பூமிக்குத் திரும்புகிறார்களா? தமிழ் வேதாகமம் அந்தச் சொல்லை அவ்வளவு சரியாகப் பிடித்து வைத்திருந்தும் நான் கவனிக்காமலே கடந்து போயிருக்கிறேன். இரகசிய வருகையை நம்பும் ஆசிரியரும் இதற்கு மழுப்பாமல் பதில் சொல்கிறார்: எதிர்கொண்டபின் எந்தத் திசைக்குப் போகிறார்கள் என்று வசனம் சொல்லவில்லை, யோவான் 14-இல் "என்னிடத்தில் சேர்த்துக்கொள்ளுவேன்" என்ற வாக்குத்தத்தத்தோடு சேர்த்துப் பாருங்கள் என்கிறார். நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அதே ஆசிரியர், உபத்திரவத்துக்கு முன்னால் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனையை ஒழுங்கான அமைப்பாக்கியது 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர்தான் என்பதையும், 1909-இல் வந்த ஸ்கோஃபீல்ட் விளக்க வேதாகமம்தான் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். புதிது என்பதாலேயே தவறாகிவிடாது என்பது அவர் வாதம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேதம் சொல்வதே இதுதான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சபை வரலாற்றில் நிறைவேற்றத்தைத் தேடும் விளக்கத்துக்கு இரண்டு பாடம். தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஒரு வருடம் என்ற கணக்கு, போப்பாண்டவர் பதவியையே அந்திக்கிறிஸ்து என்ற சீர்திருத்தவாதிகள், அதற்கு எதிர்ப்பக்கத்தில் எதிர்கால விளக்கத்தை எழுதிய ரிபேரா, கடந்தகால விளக்கத்தை எழுதிய அல்காசர், இருவருமே இயேசு சபைக் குருக்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் பிரசங்கியாரின் கணக்கிலிருந்து தொடங்கிய இயக்கத்தில், 1844 அக்டோபர் 22-இல் கர்த்தர் வருவார் என்று ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்து கண்ணீரோடு விடிந்த கதையையும், தன் தரப்புக்குச் சங்கடமானது என்று தெரிந்தே ஆசிரியர் விரிவாகச் சொன்னார். அவர் மேல் மரியாதை வந்தது.

கி.பி. 70 ஆசிரியரிடம் எனக்குக் குறை உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் எண் 666; ரோமப் பேரரசன் நேரோன் சீசரின் பெயரை எபிரெய எழுத்துகளின் எண் மதிப்பில் கூட்டினால் அதே 666, நேரோன் என்பதன் கடைசி எழுத்து போனால் 50 குறைந்து 616, சில பழைய பிரதிகளிலும் 616 இருக்கிறது என்று அழகாகக் காட்டினார். ஆனால் யோவான் அந்தத் தரிசனத்தைக் கண்டது ரோமப் பேரரசன் தொமித்தியான் ஆட்சியின் முடிவில் என்று ஐரேனியஸ் எழுதியிருக்கிறாரே, அப்படியானால் எருசலேம் அழிந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே? அவருடைய வாதத்துக்கே அதுதான் பெரிய தடை, அதை இரண்டு நிமிடத்தில் தாண்டிப் போய்விட்டார்.

இன்னொரு குறை. சுவிசேஷத்தால் உலகம் பெரிதும் மாறி, அதன்பிறகு கர்த்தர் வருவார் என்ற நம்பிக்கைக்கு அரைப் பாடம்தான். 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் போன்றவர்கள் நம்பியது, மிஷனெரி ஊழியத்துக்கே உந்துதலாக இருந்தது, அதை ஏதோ அசட்டு நம்பிக்கை போலக் கடந்துபோவது நியாயமில்லை. கிழக்கத்திய சபைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டின் வாசிப்பு வரிசையில் வெளிப்படுத்தின விசேஷமே இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்தே எவ்வளவோ பேசலாம்.

மற்றபடி, ஒலி சில பாடங்களில் ரொம்பத் தாழ்வு, ஹெட்போன் வேண்டும். குறிப்பேட்டில் பிரீமில்லெனியல், ஏமில்லெனியல் என்று விளக்கமில்லாமல் அடுக்கியிருக்கிறார்கள், ஆயிர வருடத்துக்கு முன் வருகை, ஆயிர வருடம் என்பது சபைக்காலமே என்று தமிழிலேயே எழுதியிருந்தால் பாதி குழப்பம் தீர்ந்திருக்கும். மாதம் ஒருமுறை நடக்கும் நேரலையில் குரல்கள் உயரும், நடத்துபவர் நன்றாகச் சமாளிக்கிறார்.

ஆயிர வருடம் என்பது சபைக்காலமே என்கிற ஆசிரியரிடம் ஒரு கேள்வி அனுப்பினேன்: சகரியா 14-இல் மீதியான ஜாதிகள் வருஷாவருஷம் கூடாரப்பண்டிகைக்கு வருவார்கள், வராதவர்கள்மேல் மழை பெய்யாது என்று இருக்கிறதே, அதை இந்தச் சபைக்காலத்தில் எங்கே வைப்பீர்கள்? இரண்டு வாரம் கழித்து வந்த பதிலில் ஆறாம் பாடத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்தேன், அதில் சகரியா வரவே இல்லை. மறுபடி எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.